எஸ்டிஆர் கருவிகளுக்கு விண்டோஸ் பீட்டா இன்ஸ்டாலர் வெளியிடும் முறை

எஸ்டிஆர் என்பது வானொலி அலைகளைக் கணினி மென்பொருளால் கையாளும் முறை. அதற்கான க்னூ ரேடியோ (சிக்னல்களைக் கையாளும் மென்பொருள்), சோப்பி எஸ்டிஆர் (பலவகைச் சாதனங்களுக்கான பொது இடைமுகம்), ஆர்டிஎல்-எஸ்டிஆர் நூலகம் (டிவி பார்க்க வந்த யூஎஸ்பி ரிசீவரை எஸ்டிஆராக இயக்குவது) மூன்றையும் ஒரே இன்ஸ்டாலரில் கட்டித் தருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பீட்டாவில் பிழை இருக்கலாம், அதைக் கண்டுபிடிக்கத்தான் வெளியிடுகிறோம். ஆனால் சோதிக்க முன்வந்தவரின் கணினி கெடக் கூடாது. நீக்கினால் பழைய நிலைக்கே திரும்ப வேண்டும்.

எல்லா நூலகங்களையும் ஒரே விஷுவல் ஸ்டுடியோ பதிப்பில் 64 பிட்டில் கம்பைல் செய்யுங்கள். வேகம் கிடைக்கும் என்று ஏவிஎக்ஸ்2 (புதிய பிராசசர்களின் வேகக் கட்டளைகள்) ஆப்ஷனை மொத்தமாகப் போட்டுவிடாதீர்கள், பழைய பிராசசரில் நிரல் திறந்ததும் செத்துவிடும். வேகமான கணக்கீடுகளுக்கு எது ஒத்துவரும் என்பதை க்னூ ரேடியோவின் வோல்க் நூலகமே ஓடும்போது பிராசசரைப் பார்த்துத் தேர்ந்துகொள்ளும். நிரல்கள் ஓடத் தேவையான விஷுவல் சி++ ரன்டைமையும் இன்ஸ்டாலருக்குள் வையுங்கள். உங்கள் கணினியில் அது ஏற்கெனவே இருப்பதால், விட்டுப்போனது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

அதிகம் சேதம் செய்வது பாத் மாறிதான், அதாவது கட்டளைகளை எந்த ஃபோல்டர்களில் தேட வேண்டும் என்று விண்டோஸ் வைத்திருக்கும் பட்டியல். இன்ஸ்டாலர் செய்யும் கருவியான என்எஸ்ஐஎஸ்-இன் வழக்கமான பதிப்பில் ஒரு சரம் 1024 எழுத்துக்கு மேல் போகாது. பயனரின் பாத் அதைவிட நீளமாக இருந்தால், இன்ஸ்டாலர் அதை முழுதாகப் படிக்க முடியாமல், கையில் கிடைத்ததோடு தன் ஃபோல்டரைச் சேர்த்துத் திருப்பி எழுதிவிடும். பைத்தான், கிட் என்று அவர் வைத்திருந்த எதுவும் அதன்பின் கட்டளைச் சாளரத்தில் வராது. 8192 எழுத்துப் பதிப்பு உண்டு. இருந்தாலும் பாத்தைத் தொடாமல் இருப்பதே நல்லது. ஸ்டார்ட் மெனுவில் ஒரு ஷார்ட்கட் போதும்: அது ஒரு பேட்ச் ஃபைலை ஓட்டி, அந்தச் சாளரத்துக்கு மட்டும் பாத்தையும் சோப்பி பிளக்இன் ஃபோல்டரையும் அமைத்துக் கொடுக்கட்டும். வேறொரு மென்பொருளின் லிப்யூஎஸ்பி டிஎல்எல் (யூஎஸ்பி சாதனத்தோடு பேசும் நூலகம்) குறுக்கே வருவதும் இதில் பெருமளவு குறையும்.

டிரைவரையும் தானாக மாற்ற வேண்டாம். ஸாடிக்கில் (யூஎஸ்பி டிரைவரை மாற்றும் கருவி) எல்லாச் சாதனங்களையும் பட்டியலிடச் செய்து, பல்க்-இன் இன்டர்ஃபேஸ் 0-ஐத் தேர்ந்து, யூஎஸ்பி ஐடியின் பிற்பாதி 2838 அல்லது 2832 தானா என்று பார்த்த பிறகே வின்யூஎஸ்பி டிரைவரைப் போடச் சொல்லுங்கள். கை தவறி மவுஸைத் தேர்ந்தால் மவுஸ் வேலை செய்யாது. இதைப் படத்தோடு விளக்குங்கள். சாதனத்தைத் திறக்கும்போது -12 என்ற பிழை வந்தால், பெரும்பாலும் அதில் இன்னும் டிவி டிரைவர்தான் இருக்கிறது.

என்எஸ்ஐஎஸ்-க்குப் பதில் இன்னோ செட்டப் கருவியில் இன்ஸ்டாலர் செய்தால், பீட்டாவுக்குத் தனி ஆப் ஐடியும் தனி ஃபோல்டரும் கொடுங்கள். இல்லாவிட்டால் நிலையான பதிப்பின் மேலேயே ஏறி உட்காரும்.

சோதனைக்கு விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் அருமையானது, ஒவ்வொரு முறையும் புத்தம் புது விண்டோஸ் கிடைக்கும். யூஎஸ்பி சாதனத்தை மட்டும் அதற்குள் கொண்டுபோக முடியாது. அதற்கு நிஜக் கணினியில் ஆர்டிஎல் டெஸ்ட் கட்டளையை நொடிக்கு 24 லட்சம் சாம்பிள் வேகத்தில் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். நொடிக்கு 4.8 மெகாபைட் வரும். சாம்பிள் தொலைந்தால், இன்ஸ்டாலரைச் சந்தேகிக்கும் முன் யூஎஸ்பி ஹப்பை எடுத்துவிட்டு நேரடியாகச் செருகுங்கள். பெயரில் இடைவெளியோ தமிழ் எழுத்தோ உள்ள பயனர் கணக்கிலும் ஒருமுறை நிறுவிப் பார்க்க வேண்டும், ஃபைல் இருக்கும் பாதையைச் சரியாகக் கையாளாத நூலகங்கள் அங்கேதான் மாட்டும்.

டிஜிட்டல் கையொப்பமிடாத இன்ஸ்டாலரை விண்டோஸின் பாதுகாப்பு வடிகட்டியான ஸ்மார்ட்ஸ்கிரீன் தடுக்கக்கூடும். ஃபைல் மாறவில்லை என்று சரிபார்க்க உதவும் எஸ்எச்ஏ 256 மதிப்பைப் பதிவிறக்கப் பக்கத்திலேயே போட்டு, செர்ட்யூட்டில் கட்டளையால் ஒப்பிடும் வழியையும் எழுதுங்கள். க்னூ ரேடியோ ஜிபிஎல் உரிமத்தில் உள்ளது, ஆகவே நீங்கள் கம்பைல் செய்த அதே மூலநிரலும், செய்த திருத்தங்களும் கிடைக்க வழி செய்வது கட்டாயம்.

பிழை அறிக்கையில் விண்டோஸ் பதிப்பு, பிராசசர், சாதனம், சோப்பி எஸ்டிஆர் யூட்டில் கட்டளையின் இன்ஃபோ வெளியீடு நான்கையும் கேளுங்கள். எந்தப் பிளக்இன் ஏறவில்லை என்பது அந்த வெளியீட்டிலேயே தெரிந்துவிடும்.