பதிப்பு எண்ணை நம்பாமல் பைனரி கோப்பைப் படிப்பது

ஓர் அளவீட்டுக் கருவியின் மென்பொருள் சேமிக்கும் பைனரி கோப்புகளை, அதாவது எழுத்தாக அல்லாமல் வெறும் பைட்டுகளாக உள்ள கோப்புகளை, படிக்கும் நிரலை நான் பராமரிக்கிறேன். அந்த வடிவத்துக்கு ஆவணம் கிடையாது. எல்லாக் கோப்பிலும் பதிப்பு எண் 3 என்றே இருக்கிறது. ஆனால் தலைப்பு (தரவுக்கு முன் வரும் விவரப் பகுதி) சிலவற்றில் 64 பைட், சிலவற்றில் 72. அதனால் பதிப்பு எண்ணை நான் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் தேடுவது நீளங்களை. நீளம் தவறினால் அந்த மென்பொருளாலேயே தன் கோப்பைத் திறக்க முடியாது; ஆகவே அதைப் பெரும்பாலும் நம்பலாம்.

மென்பொருள் கையில் இருந்தால், எதையும் மாற்றாமல் ஒரே கோப்பை இருமுறை சேமியுங்கள். அப்போதும் மாறுகிற பைட்டுகள் அநேகமாக நேரமுத்திரை (சேமித்த நேரம்) அல்லது செக்சம் (கோப்பு சிதையவில்லை என்று சரிபார்க்கும் எண்). அவற்றைக் குறித்துவைத்த பிறகு, ஒரே ஒரு மதிப்பை மட்டும் மாற்றிச் சேமியுங்கள். எளிதில் கண்ணில் படும் எண்ணாகக் கொடுங்கள்: 4660 என்பது ஹெக்ஸில் (பதினாறடிமானத்தில்) 1234; கோப்பில் அது 34 12 என்று வந்தால் கீழ்மதிப்புப் பைட் முதலில், 12 34 என்று வந்தால் மேல்மதிப்புப் பைட் முதலில். கீழ்மதிப்புப் பைட் முதலில் வரும் கோப்பில் 2.0 என்ற 32 பிட் மிதவை எண் (தசமப் புள்ளியுள்ள எண்) 00 00 00 40 ஆக நிற்கும்.

ஒப்பிட, இரு கோப்புகளைப் பைட் பைட்டாக ஒப்பிடும் சிஎம்பி கட்டளையை எல் விருப்பத்தோடு (cmp -l) ஓட்டுங்கள். இங்கே கவனம் தேவை: அது இடத்தை 1-இலிருந்து எண்ணுகிறது, மதிப்புகளை எட்டடிமானத்தில் காட்டுகிறது. பைட்டுகளை ஹெக்ஸில் காட்டும் ஹெக்ஸ் எடிட்டர் 0-இலிருந்து எண்ணும். ஓரிடத்துக்குப் பின் எல்லாமே வேறுபட்டால், அங்கே ஏதோ செருகப்பட்டிருக்கலாம். கோப்பின் வாலிலிருந்து பின்னோக்கியும் ஒப்பிட்டால் செருகலின் அளவு தெரிந்துவிடும்.

அந்த அளவு முன்னால் எங்கேனும் எழுதப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். பிஎம்பி படங்களில் முதல் 14 பைட்டுக்கு அடுத்த 4 பைட், பின்வரும் தலைப்பின் நீளத்தைச் சொல்கிறது: 12, 40, 108, 124 என்று. எந்த வகைத் தலைப்பு என்பதை அந்த நீளத்தை வைத்தே அறிகிறோம். என் கோப்புகளிலும் அப்படியொரு புலம் இருந்தது. கூடுதலான 8 பைட், 64 பிட் மிதவை எண்ணாக எழுதிய அளவுத்திருத்தக் காரணி.

நிரல் எழுதும்போது ஒன்றில் கண்டிப்பாக இருங்கள். படிக்காமல் விட்ட பைட் ஒன்று இருந்தாலும் நிரல் பிழை சொல்லி நிற்க வேண்டும். எப்போதும் பூஜ்யமாக இருக்கும் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். பூஜ்யம்தானா என்று சோதியுங்கள். கையிலுள்ள எல்லாக் கோப்புகளின் மீதும் நிரலை ஓட்டி, நின்றுபோனவற்றைத் தலைப்பு நீளப்படி பிரியுங்கள். ஒவ்வொரு குழுவிலும் மிகச் சிறிய கோப்பைத் திறந்து அடுத்த ஒப்பீட்டைத் தொடங்குங்கள்.