பழைய காமிக்ஸ் அட்டையில் யாருடைய கை? பிரித்துப் பார்க்கும் முறை

குமரி மாவட்டத்திலும் செங்கோட்டைப் பக்கமும் இருப்பவர்களுக்கு பழைய காமிக்ஸ் அட்டையில் எது யாருடைய கை என்று பிரித்துப் பார்ப்பதில் ஒரு வசதி உண்டு. மேற்கே போனால் ஓவியர் ரவிவர்மா பிறந்த கிளிமானூர். வடகிழக்கே போனால் முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும் அச்சான சிவகாசி. அந்த அட்டைகளில் உருவத்தின் நிலை, அதாவது நிற்கும், திரும்பும் விதம், பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்தது. வண்ணம் நம் பக்கத்துக் காலண்டர் மரபிலிருந்து வந்தது. இரண்டையும் தனித்தனியாகத் தேடினால்தான் பிடி கிடைக்கும். ஒன்றாகப் பார்த்தால் ‘காப்பி’ என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடத் தோன்றும். அது ஓவியருக்குச் செய்யும் அநியாயம்.

முதலில் அட்டையை 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள். ஸ்கேனரில் தானாக வண்ணம் திருத்தும் வசதியையும், அச்சுப் புள்ளிகளை அழிக்கும் ‘டீஸ்கிரீன்’ வசதியையும் அணைத்துவிட வேண்டும். புள்ளிகள் அழிந்தால் பாதித் தடயம் போய்விடும். மூடியை அழுத்தக் கூடாது. ஐம்பது வருஷத்துத் தாள் முதுகு மடிப்பில் கிழியும்.

அடுத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ். நெசவுத் தொழிலில் நூல் எண்ண வைத்திருக்கும் மடக்கு லென்ஸும் போதும். பூ இதழ் போலப் புள்ளிகள் வட்டமாகக் கூடியிருந்தால் அது நாலு வண்ண அச்சு. அந்தப் புள்ளிகளுக்கு அடியில் இன்னொரு புள்ளிக் கூட்டம் தெரிந்து, அலையலையாகக் கோடு ஓடினால், ஏற்கெனவே அச்சான ஒரு படத்தைப் பார்த்து மறுபடி ஃபிலிம் எடுத்திருக்கிறார்கள். அதாவது வெளிநாட்டு அட்டையையே நேராகப் பயன்படுத்தியிருக்கலாம், அல்லது உங்கள் கையில் இருப்பது பிற்கால மறுபதிப்பாக இருக்கலாம். தூரிகையின் இழுப்பு புள்ளிகளுக்கு நடுவிலும் தொடர்ந்து தெரிந்தால், அங்கே ஓர் ஓவியர் உட்கார்ந்து வரைந்திருக்கிறார். லயன் அட்டைகளில் பலவற்றை வரைந்த மாலையப்பன் போன்றவர்களின் உழைப்பு இந்த இடத்தில்தான் கண்ணுக்குப் படும். கையெழுத்தைக் கீழ் ஓரத்திலும் உடை மடிப்புகளிலும் தேடுங்கள். விலைக் கட்டம் அதை மறைத்திருப்பதும் உண்டு.

இனி உருவத்தின் நிலை. ஸ்கேனை அச்சிட்டு அதன்மேல் ட்ரேசிங் பேப்பர் வைத்து முகவாய், தோள்கள், முழங்கைகள், விரல்கள், முழங்கால்கள் ஆகியவற்றை மட்டும் வரைந்துகொள்ளுங்கள். அசல் அட்டையின்மேல் வைத்து வரையவே வேண்டாம்; பென்சில் அழுத்தம் பள்ளமாகப் பதியும். அந்தத் தாளை முதலில் கதையின் உள்பக்கக் கட்டங்களோடும், பிறகு அதே நாயகனின் மற்ற இதழ்களோடும் ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் தாளைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். தலைப்புக்கு இடம் விட ஓவியர்கள் இடவலம் மாற்றுவது வழக்கம். முகத்தை நம்பாதீர்கள். முகம் எளிதில் மாறும். விரல்களின் வளைவும் உடை மடிப்பும்தான் அப்படியே வரும்.

இரும்புக்கை மாயாவி இதற்கு நல்ல பாடம். இங்கிலாந்தில் ‘வேலியண்ட்’ வார இதழில் 1962-ல் தொடங்கிய கதை. வரைந்தவர் பார்சிலோனாக்காரர் ஜெசூஸ் பிளாஸ்கோ. முத்து காமிக்ஸ் 1972-ல் இந்தக் கதையோடுதான் தொடங்கியது. பிளாஸ்கோவின் ஆழ்ந்த கறுப்பு நிழல்களில் அமெரிக்கக் காமிக்ஸ் ஓவியர் மில்டன் கேனிஃபின் பாதிப்பு தெரியும். உடற்கட்டில் இன்னொரு அமெரிக்க ஓவியர் அலெக்ஸ் ரேமண்டின் பாதிப்பு. மூலக் கதையின் உள்பக்கங்கள் கறுப்பு வெள்ளை. ஆகவே உள்கட்டம் ஒன்றிலிருந்து எடுத்த அட்டை என்றால், அதன் மஞ்சள் வானமும் சிவப்பு நிழலும் முழுக்கச் சிவகாசியின் முடிவு.

அந்த வண்ணம் எங்கிருந்து வந்தது? ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கி ஓலியோகிராஃப் படங்களை (எண்ணெய் ஓவியம் போலத் தோன்றும் அச்சுப் படங்களை) வீடுவீடாகக் கொண்டு சேர்த்தார். அந்த மரபைக் கோவில்பட்டியில் ஓவியர் கொண்டையராஜுவும் அவர் சீடர்களும் காலண்டர் படங்களாக வளர்த்தார்கள். அவை சிவகாசி அச்சகங்களில் அச்சாயின. காமிக்ஸ் அட்டைகளும் அதே ஊரில், அதே மசியில் அச்சானவைதான். அடையாளங்கள் இவை: மேலே அடர்ந்து கீழே வெளுக்கும் வானம், கன்னத்தில் ரோஸ் பூச்சு, முன்னாலிருந்து சமமாக விழும் ஒளி, நகைகளில் தனித்தனி வெள்ளைப் புள்ளி. அமர் சித்திரக் கதை அட்டைகளில் புடவைக் கட்டும் பெண்ணுருவங்களும் ரவிவர்மாவை இன்னும் நேராகக் காட்டும். திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா கலைக்கூட வளாகத்தில் ரவிவர்மாவின் அசல் ஓவியங்கள் இருக்கின்றன. ‘அன்னமும் தமயந்தியும்’ முன் நின்று துணி மடிப்பைப் பார்த்துவிட்டு அட்டையை எடுத்தால் வித்தியாசம் புரியும்: எண்ணெய் வண்ணத்தில் குழைந்து மறையும் நிழல், அச்சில் ஒரு கோடாக இறுகியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. வண்ணத்தை வைத்து மட்டும் மூலத்தை முடிவு செய்யக் கூடாது. 1936-ல் லீ ஃபாக் உருவாக்கிய வேதாளரின் (ஃபேண்டம்) உடை அமெரிக்காவில் ஊதா, இத்தாலியில் சிவப்பு, ஸ்காண்டிநேவியாவில் நீலம். ஒவ்வொரு ஊரிலும் பதிப்பாளர்கள் எடுத்த முடிவு அது.

வெளிறிய அட்டையும் ஏமாற்றும். வெயிலில் சிவப்பும் மஞ்சளும் முதலில் போகும், நீலமும் கறுப்பும் தங்கும்; அதைப் பார்த்து ‘இரவுக் காட்சி’ என்று எழுதிவிடக் கூடாது. எல்லையூர்ப் பழைய புத்தகக் கடைகளில் இந்திரஜால் காமிக்ஸ், அமர் சித்திரக் கதை இதழ்கள் மலையாளத்திலும் கிடைக்கும். ஒரே அட்டையின் தமிழ், மலையாளப் பிரதிகளை அடுத்தடுத்து வையுங்கள். அட்டைப் படம் ஒன்றாகவே இருக்கும், எழுத்துதான் மாறும். எந்த வண்ணம் போயிருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

சேமிப்பில் இரண்டு மழைக்காலமும் கணக்கில் வர வேண்டும். பாலிபுரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறை வாங்குங்கள். பிவிசி உறை மசியை உரித்துக்கொண்டு வரும். மூடிய 20 லிட்டர் டப்பாவுக்கு 100 கிராம் சிலிக்கா ஜெல் போட்டு, நிறம் மாறியதும் வெளியே எடுத்துச் சூடாக்கிக் காயவைத்துத் திரும்பப் போடுங்கள். அந்துருண்டையை உறையோடு சேர்த்து வைக்கக் கூடாது. செல்லோ டேப், லேமினேஷன் இரண்டும் வேண்டவே வேண்டாம். பசை பழுப்பேறி ஊடுருவினால் எடுக்க வழியில்லை. துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்னை முள்கரண்டி போட்டு நெம்பாமல், நடுப்பக்கத்தில் கால்களை நிமிர்த்தி வெளிப்பக்கமாக உருவுங்கள்.

கண்டறிந்ததைத் தனித் தாளில் பென்சிலால் எழுதி உறையின் பின்பக்கம் செருகுங்கள்: இதழ் எண், மாதம், பொருந்திய மூலக் கட்டம், அது இடவலம் மாறியதா என்பது. பேனா மை ஈரத்தில் கசிந்து அட்டையில் ஏறும்.