கோமாரி ஊசி: சந்தைக்குப் போகுமுன் 3 வாரம்

பொள்ளாச்சிச் சந்தையில் மாடு வாங்கி விற்கும் கோபாலபுரம், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்காரர்கள் பலரும் சந்தைக்கு முந்தின நாள்தான் கோமாரி (மாட்டுக்கு வாயிலும் குளம்பிலும் புண் வரும் தொற்றுநோய்) ஊசியைத் தேடுகிறார்கள். அதில் பயனில்லை. ஊசி போட்டு எதிர்ப்புச் சக்தி வர 2 முதல் 3 வாரம் ஆகும். (கேரளத்தில் ‘குளம்புரோகம்’ என்பதும் இதே நோய்தான்.)

கன்றுக்கு 4 மாதம் முடிந்ததும் முதல் ஊசி. ஒரு மாதம் கழித்து இரண்டாவது. இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டால் பாதுகாப்பு சீக்கிரம் குறைந்துவிடும். அதன்பின் 6 மாதத்துக்கு ஒருமுறை. குடற்புழு மருந்தை 2 வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள்.

மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்கவேண்டும். வெயிலில் பைக் பெட்டியில் வந்த மருந்தும் வீண், ஃப்ரீசரில் உறைந்த மருந்தும் வீண். காலையிலோ மாலையிலோ வெயில் தாழ்ந்து போடுவது நல்லது.

காய்ச்சலுள்ள மாட்டுக்குப் போடாதீர்கள். நிறைசினை மாடென்றால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். கட்டிப்பிடித்து முரட்டுத்தனமாகப் போட்டால் கன்று வீசும் (கரு கலையும்) ஆபத்து உண்டு. ஊசி போட்ட இடத்தில் வீக்கம், இரண்டு மூன்று நாள் பால் குறைவு, இரண்டுமே சகஜம்.

புதிதாக வாங்கிய மாட்டின் காதுத்தோடு எண்ணைக் காட்டி, கடைசி ஊசித் தேதியைக் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். தேதி தெரியாவிட்டால் ஊசி போட்டு, 21 நாள் தனிக்கொட்டகையில் கட்டுங்கள். தண்ணீர்த் தொட்டியும் தனியாகவே இருக்கட்டும்.