வசனம் முடிந்ததும் வெட்டாதீர்கள்

புதிதாகப் பட எடிட்டிங் கற்பவர்களின் டைம்லைனில், அதாவது ஷாட்டுகளை வரிசையாக அடுக்கும் இடத்தில், இந்தப் பழக்கத்தை அடிக்கடி பார்க்கலாம். ஒருவர் பேசி முடித்ததும் ஒரு கட், அடுத்தவர் முடித்ததும் இன்னொரு கட். படமும் ஒலியும் ஒரே ஃபிரேமில், அதாவது ஒரே தனிப் படத்தில், வெட்டுப்பட்டிருக்கும். பேசுகிறவரின் வாய் தெரியும், கேட்கிறவரின் முகத்தில் ஓடுவது தெரியாது.

"நான் இனி இங்கே வரமாட்டேன்" என்று ஒருவர் சொல்கிறார் என்று வையுங்கள். அந்தக் காட்சியின் கனம் கேட்டுக்கொண்டிருப்பவரிடம்தான் இருக்கிறது. 'வரமாட்டேன்' காதில் விழும்போதே அவர் முகத்துக்குப் போய்விடுங்கள். குரல் மட்டும் பின்னால் தொடரட்டும். இதுதான் எல் கட். அடுத்த ஷாட்டின் ஒலி படத்துக்கு முந்திக்கொண்டு வந்தால் ஜே கட்.

இன்னொரு தவறு, வேகம் வேண்டுமென்று வசனங்களுக்கு இடையே உள்ள மௌனத்தையெல்லாம் நறுக்கித் தள்ளுவது. பதில் சொல்வதற்கு முன் நடிகர் விழுங்கும் எச்சிலும் நடிப்புதான். அதை எடுத்துவிட்டால் பதில் மனப்பாடம் செய்ததுபோல் ஒலிக்கும்.

கன்டின்யூட்டி, அதாவது ஷாட்டுக்கு ஷாட் எதுவும் மாறித் தெரியக்கூடாது என்ற பயமும் நிறைய கெடுக்கிறது. கோப்பை போன ஷாட்டில் இடது கையில் இருந்தது, இதில் வலது கையில் இருக்கிறது என்று நல்ல டேக்கைக் கழித்துவிட்டு, உயிரில்லாத டேக்கைச் சேர்ப்பார்கள். எனக்கு மனசே வராது. ஹாலிவுட் எடிட்டர் வால்டர் மர்ச் நல்ல வெட்டுக்கு வகுத்த அளவுகோலில் உணர்ச்சிக்கு 51 சதவீதம். யார் எங்கே நிற்கிறார் என்ற இடத்தொடர்ச்சிக்கு வெறும் 4. பார்வையாளர் நடிகரின் கண்களில் லயித்திருந்தால் கோப்பையைக் கவனிக்கமாட்டார்.

ஒருவர் எழுந்து நின்ற பிறகு வெட்டினால் வெட்டு துருத்திக்கொண்டு தெரியும். பாதி எழும்போதே வெட்டுங்கள், அசைவு அதை மறைத்துவிடும். ஒரே ஆளை ஏறக்குறைய அதே அளவு, அதே கோணத்தில் எடுத்த இரண்டு ஷாட்டுகளை ஒட்டாதீர்கள். ஆள் துள்ளுவதுபோல் இருக்கும்.

சரி, எந்த ஃபிரேமில் நிறுத்துவது? மர்ச்சின் வழி எளிது. ஷாட்டை ஓடவிட்டு, வெட்டத் தோன்றும் இடத்தில் விசையைத் தட்டுங்கள். மறுபடி ஓடவிட்டுத் தட்டுங்கள். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும்போது இரண்டு தடவையும் விரல் ஒரே ஃபிரேமில் விழுந்தால் அங்கே வெட்டலாம். பத்து ஃபிரேம் தள்ளி விழுந்தால், அந்த ஷாட் உங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை, திரும்பவும் பாருங்கள்.