மாருதி 800: முன்பக்க ஆர்ம் புஷ், ஸ்டெபிலைசர் புஷ் மாற்றும் முறை

மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியோடு நின்றுவிட்டது. இன்று ஓடுகிற எந்த 800-ஐ எடுத்தாலும் அதன் ரப்பர் பாகங்களுக்கு வயதாகிவிட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். இன்ஜின் நன்றாக இருக்கும், ஆனால் வேகத்தடையில் ஏறி இறங்கும்போது முன்பக்கம் 'கட் கட்' என்று அடிக்கும். பலர் உடனே ஷாக் அப்சார்பரை மாற்றிவிடுகிறார்கள். சத்தம் அப்படியே இருக்கும், காசுதான் போகும். பெரும்பாலும் கோளாறு அதைவிட மிக மலிவான சில ரப்பர் துண்டுகளில் இருக்கிறது.

இந்த வண்டியின் முன்பக்க அமைப்பைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஒவ்வொரு சக்கரத்துக்கும் கீழே ஒரே ஒரு லோயர் ஆர்ம். அதன் உள்முனை ஒரு புஷ் (உள்குழல், வெளிக்குழல் இரண்டுக்கும் நடுவே ரப்பர் ஒட்டிய பாகம்), ஒரு போல்ட்டோடு பாடியில் பிடிக்கப்பட்டிருக்கும். வெளிமுனையில் பால் ஜாயின்ட், அதாவது சக்கரம் திரும்ப இடம்கொடுக்கும் உருண்டை மூட்டு. உள்ளே ஒரே ஒரு பிடி இருப்பதால் ஆர்ம் முன்னும் பின்னும் ஆடாமல் தாங்க வேறொன்று வேண்டும். அந்த வேலையை இரண்டு பக்கத்து ஆர்ம்களையும் இணைக்கும் வளைந்த கம்பியான ஸ்டெபிலைசர் பார் செய்கிறது. பாரின் முனை ஆர்மில் உள்ள துளை வழியாக நுழைந்து, இரண்டு பக்கமும் ரப்பர் புஷ், வாஷர் வைத்து நட்டால் இறுக்கப்பட்டிருக்கும். அதனால்தான் 800-ல் ஸ்டெபிலைசர் புஷ் தேய்ந்தால் சத்தத்தோடு நிற்காது. பிரேக் பிடிக்கும்போது சக்கரமே பின்னால் நகர்ந்து, வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

எது போயிருக்கிறது என்று பார்ப்பது

பிரேக் மிதித்த கணத்திலும் விட்ட கணத்திலும் ஒரு 'டக்' கேட்டால் முதலில் ஸ்டெபிலைசர் புஷ்ஷைச் சந்தேகப்படுங்கள். குண்டும் குழியுமான ரோட்டில் மெதுவாகப் போகும்போது தொடர்ந்து அடித்தால் ஆர்ம் புஷ்ஷாகவோ பால் ஜாயின்ட்டாகவோ இருக்கலாம். வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்து, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் இன்னொருவரை ஆட்டச் சொல்லிவிட்டு, அது பால் ஜாயின்ட்டிலா, வீல் பேரிங்கிலா என்று நீங்கள் கவனியுங்கள். சக்கரத்தின் இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால் அது ஸ்டியரிங் டை ராடு எண்டாக இருக்கலாம்.

அடுத்து ஆர்முக்கும் பாடி பிராக்கெட்டுக்கும் நடுவே ஒரு நீள லிவரை நுழைத்து மெல்ல நெம்புங்கள். நல்ல புஷ் கொஞ்சம் அசைந்து திரும்பி வரும். கெட்டது ரப்பரிலிருந்து உள்குழல் தனியே நகர்வதைக் காட்டும். ரப்பரின் மேற்பரப்பில் மெல்லிய கீறல்கள் மட்டும் இருந்தால் பயமில்லை. கீறல் ஆழமாக உள்ளே போயிருந்தாலோ, ரப்பர் குழலை விட்டுப் பிரிந்திருந்தாலோ, எண்ணெயில் ஊறி உப்பியிருந்தாலோ மாற்ற வேண்டியதுதான். எண்ணெய் பட்டிருந்தால் அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்து அந்தக் கசிவை முதலில் நிறுத்துங்கள். ஆக்சில் பூட் என்னும் ரப்பர் உறை கிழிந்து அதிலிருந்து தெறிக்கும் கிரீஸும் புதுப் புஷ்ஷைச் சீக்கிரம் கெடுத்துவிடும்.

வாங்க வேண்டியவை

ஆர்ம் புஷ் 2, ஆர்ம் முனையில் வரும் ஸ்டெபிலைசர் புஷ் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 4, பாரைப் பாடியோடு பிடிக்கும் புஷ் 2, நட்டு கழலாமல் தடுக்கும் புதிய ஸ்ப்ளிட் பின்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றாதீர்கள். புது ரப்பரும் பழைய ரப்பரும் வெவ்வேறு அளவுக்கு வளைந்து கொடுப்பதால் வண்டி ஒரு பக்கமாகவே போகப் பார்க்கும். பால் ஜாயின்ட்டும் ஆடினால் புஷ், பால் ஜாயின்ட் பொருத்தியே வரும் முழு ஆர்மை வாங்குவது புத்திசாலித்தனம். பிரஸ் பண்ணும் வேலையே மிச்சமாகும். பாலியூரித்தேன் புஷ் வேண்டாம் என்பேன். அது ரப்பரைவிடக் கெட்டி. தினசரி ஓட்டத்தில் ரோட்டின் அதிர்வு எல்லாம் ஸ்டியரிங்குக்கு வந்துவிடும்.

கருவிகள்: ஜாக்கி, உறுதியான ஜாக் ஸ்டாண்டு 2, சாக்கெட் செட், நீளமான கைப்பிடி, டார்க் ரெஞ்ச் (குறிப்பிட்ட அளவுக்கு இறுக்க உதவும் ஸ்பேனர்), லிவர், கம்பி பிரஷ், துரு இளக்கும் ஸ்பிரே. நட்டு, போல்ட்களில் எல்லாம் அந்த ஸ்பிரேயை முந்தைய நாள் இரவே அடித்து வையுங்கள்.

கழற்றுதல்

சமதளமான சிமெண்ட் தரை வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் அடைக்கட்டை வையுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்திவிடுங்கள். பிறகு முன்பக்கம் இரண்டையும் தூக்கி, பாடியின் உறுதியான ஜாக்கிங் இடங்களில் ஸ்டாண்டு கொடுங்கள். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொண்டு ஆர்மை விடாது. புதிதாகச் செய்பவர்கள் மணிக்கணக்கில் மல்லுக்கட்டுவது இதனால்தான். கழற்றிய சக்கரங்களைப் பாடிக்குக் கீழே படுக்க வையுங்கள். ஸ்டாண்டு நழுவினாலும் உயிர் தப்பும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் கீழே போகாதீர்கள்.

ஸ்டெபிலைசர் பாரின் முனையில் ஸ்ப்ளிட் பின்னை எடுத்து, நட்டைக் கழற்றுங்கள். வாஷர்களின் குழிந்த பக்கம் எந்தத் திசையில் இருக்கிறது என்பதைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றிப் போட்டால் வாஷர் விளிம்பு ரப்பரை அறுத்துவிடும்.

அடுத்தது பால் ஜாயின்ட்டை நக்கிளோடு (சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பாகம்) பிடிக்கும் போல்ட். இதைத் தளர்த்தினால் மட்டும் போதாது, முழுதாக உருவ வேண்டும். பால் ஜாயின்ட் தண்டில் ஒரு பள்ளம் வெட்டியிருக்கும், போல்ட் அதன் வழியாகத்தான் போகிறது. போல்ட் உள்ளே இருக்கும்வரை எவ்வளவு அடித்தாலும் தண்டு இறங்காது. போல்ட்டை எடுத்த பிறகு, நக்கிளின் பிளவில் தட்டை ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து லேசாக விரித்து, ஆர்மைக் கீழ்நோக்கி நெம்பினால் வந்துவிடும். ரப்பர் பூட்டில் லிவர் பட வேண்டாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை: கீழ்ப் பிடி இல்லாத நக்கிளை வெளிப்பக்கமாக இழுக்காதீர்கள். டிரைவ் ஷாஃப்டின் உள் ஜாயின்ட் கழன்றுகொண்டால் வேலை இரட்டிப்பாகும். நக்கிளை ஒரு கம்பியால் நேராகக் கட்டி வைப்பது நல்லது. கடைசியாக ஆர்மின் உள் போல்ட்டைக் கழற்றி, பாரின் முனையிலிருந்து ஆர்மைப் பின்னோக்கி உருவுங்கள்.

புஷ்ஷை மாற்றுதல்

பழைய புஷ் ஆர்மின் கண்ணில் எவ்வளவு உள்ளே உட்கார்ந்திருக்கிறது, இரு பக்கமும் எத்தனை மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளந்து எழுதிவிட்டுத்தான் தொட வேண்டும். புதியதும் அதே இடத்தில் நிற்க வேண்டும்.

ஹைட்ராலிக் பிரஸ் உள்ள லேத் பட்டறைக்கு ஆர்மைக் கொண்டுபோவது எல்லாவற்றிலும் சுலபம். வீட்டிலேயே செய்வதானால் கெட்டியான நீள போல்ட், நட்டு, வாஷர்களோடு இரண்டு குழல் துண்டுகள் வேண்டும். ஒன்று புஷ்ஷின் வெளிக்குழலைவிட ஒரு நூல் சிறியது, தள்ளுவதற்கு. மற்றது வெளிக்குழல் உள்ளே நுழையும் அளவு பெரியது, வாங்கிக்கொள்வதற்கு. நட்டை இறுக்க இறுக்கப் புஷ் நகரும். அசையாமல் அடம்பிடித்தால் ரப்பரைத் துளை போட்டு எடுத்துவிட்டு, வெளிக்குழலை ஆக்சா பிளேடால் நீளவாக்கில் அறுத்து உள்பக்கம் மடக்குங்கள். ஆர்மின் கண்ணில் வெட்டு விழக் கூடாது. ரப்பரை எரித்து எடுக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. நச்சுப் புகை வரும், அந்தச் சூட்டில் பால் ஜாயின்ட்டின் பூட்டும் கிரீஸும் கெட்டுப்போகும்.

கண்ணின் உட்புறத்தை எமரி பேப்பரால் துருப்போகத் தேயுங்கள். புதுப் புஷ்ஷுக்குச் சோப்புத் தண்ணீர் தடவலாம். இன்ஜின் ஆயிலோ சாதாரண கிரீஸோ வேண்டாம், ரப்பர் உப்பிவிடும். தள்ளும்போது விசை வெளிக்குழலின் விளிம்பில்தான் விழ வேண்டும். உள்குழலையோ ரப்பரையோ அழுத்தினால் ஒட்டு பிரிந்து, பொருத்தும் முன்பே புதுப் புஷ் செத்துவிடும். கோணலாக நுழைந்தால் நிறுத்துங்கள், வெளியே எடுத்து நேராக்கி மறுபடி தொடங்குங்கள். சுத்தியலால் நேராக்கப் பார்க்காதீர்கள்.

பாரைப் பாடியோடு பிடிக்கும் புஷ்கள் பிளவுபட்டவை. கிளாம்பைக் கழற்றி, பழையதை விரித்து எடுத்துப் புதியதை மாட்டினால் முடிந்தது.

மாட்டுதல், இறுக்குதல்

பாரின் முனையில் முன் வாஷர், முன் புஷ் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு ஆர்மை நுழையுங்கள். பிறகு பின் புஷ், பின் வாஷர், நட்டு. உள் போல்ட்டையும் இந்த நட்டையும் கையால் திருகும் அளவோடு விடுங்கள். பால் ஜாயின்ட் தண்டைப் பள்ளம் சரியாக வரும்படி நக்கிளில் ஏற்றிப் போல்ட்டைப் போடுங்கள். இந்த ஒரு போல்ட்டை மட்டும் இப்போதே முழுதாக இறுக்கலாம், அங்கே முறுக்கிக்கொள்ள ரப்பர் இல்லை.

இந்த வேலையில் அதிகம் தவறு நடப்பது இனிமேல்தான். ஆர்ம் புஷ்ஷின் வெளிக்குழல் ஆர்மோடு சேர்ந்து திரும்பும், உள்குழல் போல்ட் இறுகியதும் பாடியோடு நின்றுவிடும். நடுவில் ஒட்டியிருக்கும் ரப்பர்தான் முறுக்கி விடுகிறது. சக்கரம் தொங்கும்போது போல்ட்டை இறுக்கினால், அந்தத் தொங்கும் நிலைதான் ரப்பருக்கு இயல்பு நிலை ஆகிவிடும். வண்டியை இறக்கியதும் ரப்பர் பிழிந்த துணி போல முறுக்கிக்கொண்டு, நிறுத்தி வைத்திருக்கும்போதுகூட அதே நிலையில் இருக்கும். நல்ல கம்பெனிப் புஷ்ஷும் சில மாதங்களில் கிழிவது இதனால்தான். சரக்கு மட்டம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதில் பயனில்லை.

ஆகவே சக்கரங்களை மாட்டி, வண்டியை அகலமான கெட்டிப் பலகைகளின் மேல் இறக்குங்கள். பானெட்டை மூன்று நான்கு முறை அழுத்தி விடுங்கள், வண்டியைப் பலகை மேலேயே ஓரடி முன்னும் பின்னும் உருட்டுங்கள். சஸ்பென்ஷன் தன் இயல்பான உயரத்துக்கு வரும். அந்த நிலையில் பக்கவாட்டிலிருந்து கைநீட்டி உள் போல்ட்டையும் ஸ்டெபிலைசர் நட்டையும் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். கை எட்டவில்லை என்றால், வண்டி ஸ்டாண்டில் இருக்கும்போதே பால் ஜாயின்ட்டுக்கு அருகே ஆர்மின் கீழ் ஜாக்கியை வைத்து, அந்தப் பக்கத்துப் பாடி ஸ்டாண்டிலிருந்து எழும்பப்போகும் தருவாய் வரை ஏற்றி இறுக்கலாம். அது வண்டி தரையில் நிற்கும் நிலைக்கு ஏறக்குறைய சமம்.

இறுக்கும் அளவை உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலிலிருந்தே எடுங்கள். பழைய மேனுவல்களில் கிலோகிராம்-மீட்டர் கணக்கு இருக்கும், அதை 9.8-ஆல் பெருக்கினால் நியூட்டன்-மீட்டர். 6 என்றிருந்தால் ஏறக்குறைய 59. புது ஸ்ப்ளிட் பின்னுக்குத் துளை நேராக வராவிட்டால் நட்டைத் தளர்த்தாமல் இன்னும் கொஞ்சம் இறுக்கி நேராக்குங்கள். வீல் நட்டுகளை எதிரெதிராக இறுக்க வேண்டும்.

மெதுவாகத் தெருவில் ஓட்டி, பிரேக்கை ஐந்தாறு முறை அழுத்திப் பாருங்கள். 'டக்' இன்னும் கேட்டால் முதலில் ஸ்டெபிலைசர் நட்டைப் பாருங்கள், பிறகு ஸ்ட்ரட்டின் (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த பாகம்) மேல் மவுண்டிங்கை. ஆர்ம் இருக்கும் இடம் சில மி.மீ. மாறியிருக்கும் என்பதால் அன்றோ மறுநாளோ வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள். பழைய புஷ்ஷோடு பார்த்த அலைன்மென்ட் இனி செல்லாது. நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்சால் ஒருமுறை சரிபாருங்கள், அதுவும் வண்டி தன் எடையில் நிற்கும்போதே.