வீட்டுக்குள் கொடிக்கு ஒரு படல், தண்ணீருக்கு ஒரு வழி

மணிபிளாண்டோ வெற்றிலையோ பிலோடென்ட்ரனோ, வீட்டுக்குள் கொடி வளர்க்க இரண்டு ஏற்பாடு வேண்டும்: கொடி ஏறப் பிடிமானம், ஊற்றிய தண்ணீர் வெளியேற வழி. பலர் முதலாவதை அழகாகச் செய்துவிட்டு இரண்டாவதைச் சாடிக்குக் கீழே ஒரு பிளாஸ்ரிக் தட்டோடு முடித்துவிடுகிறார்கள். கொழும்பில் அது சரிவராது. தட்டில் தேங்கும் தண்ணீர் வேரை அழுகவைப்பது ஒரு பக்கம், டெங்கு நுளம்பு முட்டையிட அந்தக் கொஞ்சத் தண்ணீரே போதும், ஒரு கிழமை பத்து நாளில் அது நுளம்பாகிப் பறந்துவிடும். நுளம்பு பெருக இடம் கொடுப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றமும்கூட.

அதனால் கொடி ஏறும் படலையும் வடிகாலையும் ஒரே சட்டகமாகச் செய்துவிடுவதுதான் நல்லது. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் வாடகைத் தொடர்மாடியில் இருப்பவர்களுக்கு இதில் இன்னொரு வசதி, சுவரில் ஒரு துளைகூடப் போட வேண்டியதில்லை, ஈரச் சாடிகளின் பாரமே படலைப் பிடித்துக்கொள்ளும்.

முதலில் தாங்கி. 3 அடி நீளம், 1 அடி அகலம், 10 அங்குல உயரம் இருந்தால் 9 அங்குலச் சாடிகள் மூன்று வசதியாக நிற்கும். மரக்காலையில் 2 அங்குலத்துக்கு 1 அங்குல மரச்சிலாகை கேட்டு வாங்குங்கள், வெட்டித் தரச் சொன்னால் வீட்டில் வாள் பிடிக்கும் வேலை மிச்சம். மேல்தட்டைப் பலகையால் மூடாமல் அரை அங்குல இடைவெளி விட்டுச் சிலாகைகளை அடுக்கித் திருகுங்கள், தண்ணீர் அதற்குள்ளால் இறங்க வேண்டும். திருகாணி துருப்பிடிக்காத இரும்பாக இருக்கட்டும், கடற்காற்றில் சாதாரண ஆணி சீக்கிரமே செம்மண் நிறமாகிவிடும். பழைய சோனகத் தெருவில் இந்தச் சாமான் எல்லாம் ஒரே நடையில் கிடைக்கும். மரத்துக்கு வார்னிஷ் இரண்டு கை, வெட்டுமுகங்களில் இன்னும் ஒரு கை, ஏனென்றால் ஈரம் முதலில் உறிஞ்சுவது அங்கேதான்.

படலுக்கு ஐந்து அடிச் சிலாகை இரண்டு, தரையிலிருந்து எழும்பி, பின்பக்கக் கால்களோடு சேர்த்துத் திருகப்படும். இடையில் பிளந்த மூங்கிலை நெடுக்கும் குறுக்குமாக 6 அங்குலத்துக்கு ஒன்று என்று வைத்து, முடிச்சுகளை நைலோன் நூலால் இறுக்குங்கள். தும்புக் கயிறு ஈரத்தில் நாளடைவில் உக்கிவிடும் என்பதால் முடிச்சுக்கு வேண்டாம், ஆனால் மூங்கிலைச் சுற்றுவதற்கு அதைவிட நல்லது இல்லை: மணிபிளாண்ட் கணுவிலிருந்து விடும் வேர் சொரசொரப்பான, ஈரம் பிடிக்கிற பரப்பைத்தான் பற்றும், வழுவழுப்பான பி.வி.சி. குழாயில் வழுக்கி விழும். பற்றி ஏறத் தொடங்கினால் இலையும் வரவரப் பெரிதாகும். சாடிகளை வைத்த பிறகு படலின் மேல்முனையைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். சாய்ந்தால் உயரத்தைக் குறையுங்கள். குழந்தைகள் உள்ள வீடென்றால் எப்படியும் யன்னல் கம்பியோடு ஒரு கட்டுப் போட்டுவிடுங்கள்.

இனி முக்கியமான இடம். தாங்கிக்குக் கீழே நீளமான ஒரு பிளாஸ்ரிக் தட்டு, அதன் ஒரு முனையில், பக்கச் சுவரில் அடியை ஒட்டி ஒரு துளை, அதில் 13 மில்லிமீற்றர் ரியூப்பைச் செருகிச் சுற்றிலும் சிலிக்கன் பூசி ஒரு நாள் காயவிடுங்கள். மற்ற முனைக்குக் கீழே அரை அங்குலக் கட்டை ஒன்று வைத்தால் தண்ணீர் தானாக ரியூப் பக்கம் ஓடும். ரியூப் போய்ச் சேரும் போத்தல் தட்டைவிடத் தாழ்வாக, படுத்த வாக்கில் இருக்க வேண்டும், அதற்கேற்பத் தட்டைத் தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். மூடியில் ரியூப் நுழையும் அளவுக்கு மட்டும் துளை, மேற்புறம் காற்றுக்கு ஓர் ஊசித்துளை, அவ்வளவுதான், நுளம்பு உள்ளே போவது கடினம். செடி வைக்குமுன் ஒரு கப் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், மூலையில் எங்காவது தேங்கினால் கட்டையை நகர்த்துங்கள். ரியூப்பைப் பல்கனிக்கு வெளியே விட்டுவிடாதீர்கள், கீழ்மாடிக்காரர் உடுப்புக் காயப்போட்டிருப்பார்.

சாடியின் அடியில் 8 மில்லிமீற்றர் அளவில் நான்கைந்து துளை வேண்டும். மண்சாடியென்றால் கல் துளைக்கிற அலகைப் போட்டு, சுத்தியல் முறையை நிறுத்தி, தண்ணீர் விட்டு விட்டு மெதுவாகத் துளையுங்கள். அடியில் சல்லிக்கல் போடும் பழக்கத்தை விட்டுவிடலாம். மண்ணின் நுண்துளைகள் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், மண் முழுவதும் ஊறி நிறையும்வரை அது கீழே உள்ள கல்லுக்குள் இறங்காது, ஆகவே ஈரம் வேருக்கு இன்னும் கிட்ட வந்து நிற்கும். துளைமேல் ஒரு துண்டு நுளம்பு வலை போதும். கலவைக்குத் தும்புச்சோறு இரண்டு பங்கு, மண், கூட்டெரு, உமிக்கரி ஒவ்வொரு பங்கு. தும்புச்சோற்றில் உப்பு இருக்கும், அலசிப் பிழிந்துவிட்டுச் சேருங்கள்.

தண்ணீர் ஊற்றிய அன்றே போத்தலை வெறுமையாக்குங்கள். கிழமைக்கு ஒருமுறை தட்டை எடுத்துத் தூரிகையால் உரசிக் கழுவ வேண்டும், வெறுமனே கொட்டினால் போதாது. நுளம்பின் முட்டைகள் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே விளிம்பில் கறுப்புப் பொட்டுப் பொட்டாக ஒட்டியிருக்கும், மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டதும் பொரிக்கும்.

அப்புறம், கொடியைக் கட்டுவது. பழைய பருத்திச் சீலையை விரல் அகலத்துக்குக் கிழித்து, படலுக்கும் தண்டுக்கும் நடுவில் ஒருமுறை குறுக்கே மாற்றித் தளர்வாக முடியுங்கள், கணு தும்பில் படும்படியாக. வேர் பற்றும்வரை தும்பை அடிக்கடி தண்ணீர் தெளித்து நனைத்து வாருங்கள், பற்றியதும் கட்டை அவிழ்த்துவிடலாம்.