வெங்காயத்தை அஞ்சு மாசம் வெச்சு சாப்பிடணும்னா அறுவடை அன்னைக்கு அருவாளை எடுக்காதீங்க

போன வாரம் பாப்பாரப்பட்டி பக்கம் ஒரு தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். பெங்களூர் வேலைய விட்டுட்டு ரெண்டு வருசமா ஊரோட வந்து அப்பா கொல்லைய பாத்துக்கறாரு. எட்டு சென்ட்ல சின்ன வெங்காயம், அவருக்கு இதுதான் மொத அறுவடை, முகமெல்லாம் சந்தோசம். "வாங்கண்ணா, வெங்காயத்த பாருங்க"ன்னு உள்ரூமுக்கு கூட்டிட்டுப் போனாரு. ஆறு உரச்சாக்கு, வாயெல்லாம் தெச்சு, செவுத்தோரமா ஒண்ணு மேல ஒண்ணு. கதவத் தொறந்ததுமே எனக்கு தெரிஞ்சுபோச்சு. அழுகல் நாத்தம் இல்ல, அதுக்கு முன்னாடி வர்ற வாசனை, ஈரத்துணிய மடிச்சு வெச்சா வருமே அந்த மாதிரி. ஒரு சாக்க பிரிச்சு கைய உள்ள விட்டேன், வெதுவெதுன்னு இருக்கு. "பிடுங்கி எத்தன நாளாச்சு தம்பி?"ன்னேன். "நாலு நாள்ணா, பிடுங்குன அன்னைக்கே தாள அறுத்து சுத்தமா மூட்ட கட்டிட்டோம்"னாரு.

பதினோரு வருசத்துக்கு முன்னாடி நான் பண்ணது அப்படியே கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. அன்னைக்கு சாயங்காலமே அவரும் நானுமா ஆறு சாக்கையும் பிரிச்சு திண்ணையில கொட்டி பரப்பிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். இந்த வருசம் மட்டும் இதே மாதிரி மூணு வீட்ல பாத்துட்டேன், அதனாலதான் உக்காந்து எழுதறேன்.

அடிபட்டத நல்லதோட சேக்காதீங்க, கழுவி வெக்காதீங்க, மழைல நனைய விடாதீங்க, இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், விட்டுடறேன். மத்தபடி வெங்காயம் வெக்கறதுல நாம பண்ற தப்புங்கள ஒண்ணொண்ணா சொல்றேன்.

பிடுங்குன அன்னைக்கே தாளை அறுக்கறது

இதப் பத்திதான் நான் நிறைய பேசப்போறேன். மத்ததெல்லாம் அஞ்சு கிலோ பத்து கிலோ நட்டம், இது மொத்தத்தையும் கொண்டுபோயிடும்.

அந்த வருசம் பத்து சென்ட் போட்டிருந்தேன், நல்ல வெளைச்சல், நானூறு கிலோவுக்கு கிட்ட வந்துச்சு. பங்குனி கடைசி. வியாபாரிங்களுக்கு பிடுங்கிக் குடுக்கற ஆளுங்களத்தான் கூலிக்கு கூப்ட்டிருந்தேன். அவங்க வேகம் பாக்கணுமே, ஒருத்தர் பிடுங்க ஒருத்தர் தாள அறுக்க ஒருத்தர் மூட்டைல அள்ளிப் போட மத்தியானத்துக்குள்ள கொல்லை காலி. எங்கம்மா வரப்புல நின்னுக்கிட்டு "தாளோட கெடக்கட்டும்டா, கழுத்து காயட்டும்"னு சொல்லிட்டே இருந்தாங்க. அவங்க காலத்துல தாளோட பிடிப்பிடியா கட்டி கூரை மூங்கில்ல தொங்க விடுவாங்க. அது ஒரு மூட்டை ரெண்டு மூட்டைக்கு சரி, நானூறு கிலோவ எங்க தொங்க விடறதுன்னு நான் காதுல வாங்கல. ஷீட் போட்ட ரூம்ல அடுக்கி கதவ சாத்திட்டேன்.

பதினெட்டாவது நாள் கதவுக்கு கீழ தண்ணி வந்துச்சு. மொதல்ல குடம் ஏதாவது கவுந்துச்சோன்னு நெனச்சேன். உள்ள போனா நிக்க முடியல, அடி மூட்டை ரெண்டும் கூழு. மேல் மூட்டைல வெளிய பாத்தா வெங்காயம் கல்லு மாதிரி இருக்கு, கழுத்த ரெண்டு வெரல்ல அமுக்குனா உள்ளருந்து நாத்தத்தண்ணி பீச்சுது. உரிச்சா தோலுக்கு அடியில அடுப்புக்கரி மாதிரி கருப்பு மாவு. எல்லாத்தையும் கொட்டி பொறுக்கி எடுத்ததுல தேறுனது நூறு கிலோ இருக்குமா என்னமோ. அதவிட எரிச்சல், அடுத்த நடவுக்கு பத்து சென்ட்டுக்கு நாப்பது கிலோ விதை வெங்காயம் வேணும், அதுவும் அந்த மூட்டைலதான் இருந்துச்சு. நடவு சமயத்துல எல்லாரும் விதைக்கு அலையற நேரம் பாத்து வெளிய காசு குடுத்து வாங்குனேன். நம்ம கொல்லைல வெளஞ்ச விதைய அழுக விட்டுட்டு ஊரான் விதைய வாங்கறது எவ்வளவு கஷ்டம்னு பட்டவங்களுக்குத்தான் தெரியும்.

ஏன் இப்படி ஆகுதுன்னா, ஒரு வெங்காயத்த நெடுக்க அறுத்துப் பாருங்க. உள்ள இருக்கற ஒவ்வொரு மடலும் மேல இருக்கற ஒரு தாளோட அடிப்பாகம்தான். அதாவது பச்சைத் தாளு ஒவ்வொண்ணும் வெங்காயத்தோட நெஞ்சு வரைக்கும் போற ஒரு குழாய். பிடுங்குனதுக்கு அப்புறமும் தாளோட விட்டா அதுல இருக்கற சத்து கீழ எறங்கும், தாளு வாடி சுருங்கும், கழுத்து கயிறு போட்டு இறுக்குன மாதிரி தானா மூடிக்கும், மேல்தோலு காஞ்சு சலசலன்னு ஆகும். இத எல்லாம் நடக்க விடாம பச்சையா இருக்கும்போதே ஒட்ட அறுத்தா அந்தக் குழாய் அத்தனையும் வாயத் தொறந்துட்டு நிக்குது, சாறு வேற கசியுது. கருப்பு பூஞ்சை இருக்கே, ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர்னு சொல்லுவாங்க, அது எங்கிருந்தோ வரவேண்டியதில்ல, நம்ம மண்ணுலயே கெடக்கு. சூடும் ஈரமும் சேந்து கெடைச்சா அதுக்கு கொண்டாட்டம். நம்ம சித்திரை வெயில்ல மூடுன ரூம்ல மூட்டைக்குள்ள இது ரெண்டும் சேந்தே இருக்கும். அழுகல் பாக்டீரியாவும் அதே வழியிலதான் எறங்குது, அதனாலதான் வெளிய நல்லா தெரிஞ்சு உள்ள போயிருக்கும்.

புதுசா வர்றவங்க இத எங்க கத்துக்கறாங்கன்னு யோசிச்சுப் பாத்தா, சந்தைக்கு அறுக்கறவங்கள பாத்துதான். அவங்க பண்றது தப்பே இல்ல. அந்த வெங்காயம் இன்னைக்கு ராத்திரி லாரி ஏறும், நாலு நாள்ல யாரோ வீட்டு சாம்பார்ல கெடக்கும், அதுக்கு கழுத்து காஞ்சா என்ன காயாட்டி என்ன. நம்ம வெங்காயம் அடுத்த நடவு வரைக்கும் உக்காரணும். விக்கறதுக்கு அறுக்கறது வேற வேலை, வெக்கறதுக்கு அறுக்கறது வேற வேலை, கூலி ஆளுங்ககிட்ட மொதல்லயே சொல்லிடுங்க, இல்லன்னா நீங்க டீ வாங்கிட்டு வர்றதுக்குள்ள பாதி தாளு கீழ கெடக்கும்.

நான் இப்ப பண்றது இதுதான். பாதிக்கு மேல தாளு மஞ்சளாகி தானா சாஞ்சதும் பிடுங்கிடுவேன். பிடுங்குனத பாத்தியிலயே வரிசையா படுக்க வெக்கணும், ரெண்டாவது வரிசை தாளு மொத வரிசை வெங்காயத்து மேல படற மாதிரி, ஓலை வேயற கணக்கா. வெங்காயத்து மேல நேரா வெயில் பட்டா ஒரு பக்கம் வெந்து வெளுத்து மெத்துனு ஆயிடும், அந்த இடத்துலருந்தே அழுக ஆரம்பிக்கும். மூணு நாலு நாள் அப்படியே கெடக்கட்டும். அப்புறம் தாளோடவே அள்ளிட்டு வந்து காத்தோட்டமான நெழல்ல, புளியமரத்தடியோ திண்ணையோ மாட்டுக்கொட்டாய் ஓரமோ, பத்து நாள் பரப்பி வெப்பேன். கொட்டாய்ல மாட்டு மூத்திர ஈரம் வராத பக்கமா பாத்துக்கங்க.

காஞ்சுச்சான்னு கண்ணால பாத்து முடிவு பண்ணாதீங்க, மேல்தோலு ரெண்டு நாள்லயே காஞ்ச மாதிரி காட்டும். கழுத்த கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வெச்சு உருட்டுங்க. உள்ள வழவழன்னு நழுவுச்சுன்னா இன்னும் ஈரம் இருக்கு. காஞ்ச வைக்கோல உருட்டற மாதிரி இருந்தா சரி. அப்பதான் அருவாள், அதுவும் ஒட்ட அறுக்காம ஒரு இஞ்ச் தாளு விட்டு. தொங்க விடறதா இருந்தா அறுக்கவே வேண்டாம், பிடிப்பிடியா கட்டி மூங்கில்ல மாட்டிடுங்க.

ஒவ்வொருத்தரும் சொல்ற ஒரு பதில், "இவ்வளவு நாள் காய வெச்சா எடை கொறையுமே". கொறையும். போறது தண்ணி. அந்தத் தண்ணிய உள்ள வெச்சு மூட்டை கட்டுனா அது மத்ததையும் சேத்து எடுத்துட்டுப் போகும்.

இன்னொண்ணு கோடை மழை. சித்திரையில சாயங்காலமா இடி கேட்டா ஓடிப்போய் தார்பாலின போத்தறது எல்லாரும் பண்றதுதான், தப்பில்ல. போத்துனத காலைல பத்து மணி வரைக்கும் எடுக்காம விடறாங்க பாருங்க, அங்கதான் போச்சு. தூக்கிப் பாத்தா அடியில முத்து முத்தா வேர்த்திருக்கும். நாலு குச்சி நட்டு பந்தல் மாதிரி கட்டுங்க, பக்கமெல்லாம் தொறந்து இருக்கட்டும்.

பிடுங்க சுலபமா இருக்கும்னு முந்தின நாள் தண்ணி விடறது

நம்ம செம்மண்ணு காஞ்சா இறுகிடும், தெரியும். இருந்தாலும் அறுவடைக்கு பத்து நாள் முன்னாடியே தண்ணிய நிறுத்தியே ஆகணும். களைக்கொத்தால பக்கத்துல குத்தி லேசா நெம்புனா வந்துரும், கூட ஒரு ஆள் கூலி ஆகும், ஆகட்டும். ஈரத்துல பிடுங்குன வெங்காயம் குண்டா பளபளன்னு இருக்கும், ஒரு மாசம் தாங்காது.

கடைசியில யூரியா

முப்பது, முப்பத்தஞ்சு நாளுக்கு மேல போடாதீங்க. கழுத்து தடிச்சுக்கும், தடிச்ச கழுத்து காயவே காயாது.

உரச்சாக்கு

வேண்டாம். வலைச்சாக்கு.

எந்த ரகம்னு கேக்காம வெக்கறது

சின்ன வெங்காயம் விதைக்கிழங்குல வந்ததுன்னா சரியா காய வெச்சா நாலஞ்சு மாசம் நிக்கும். பல்லாரி, அதாவது பெரிய வெங்காயம் போடறவங்கதான் ஏமாறாங்க. மழைக்காலத்துக்குன்னே இருக்கற என்-53, அக்ரிபவுண்ட் டார்க் ரெட் மாதிரி ரகங்கள நீங்க எப்படி காய வெச்சாலும் ரொம்ப நாள் நிக்காது, அதோட குணம் அப்படி. சீக்கிரம் முளைக்கும், அத வித்துடணும். வெச்சு சாப்பிடணும்னா அக்ரிபவுண்ட் லைட் ரெட், இல்லன்னா புனே பக்கம் ராஜ்குருநகர்ல இருக்கற வெங்காய பூண்டு ஆராய்ச்சி நிலையம் விட்ட பீமா சக்தி, பீமா கிரண், இதுல ஒண்ண கோடை அறுவடை வர்ற மாதிரி போடுங்க. விதைக்கடைல "நல்ல செவப்பு"ன்னு சொன்னா போதாது, பாக்கெட்ட திருப்பி பேரப் படிங்க.

தர்மபுரில நிக்கறது தளியில நிக்கலையேன்னு கவலைப்படறது

என் மச்சான் ஓசூர்கிட்ட தளி பக்கம் இருக்காரு. ஒரு வருசம் ஒரே கொல்லைல வெளஞ்சத பாதி அவருக்கு குடுத்தேன், ஒரே மாதிரி காய வெச்சதுதான். ஐப்பசி கார்த்திகைல அவர் வீட்டு வெங்காயம் எல்லாம் பச்சையா மொளச்சுக்கிச்சு, இங்க பாதிக்கு மேல அப்படியே இருந்துச்சு. காரணம் குளிர். ஓசூர், தளி எல்லாம் கடல் மட்டத்துலருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உசரம், ராத்திரி நல்லா எறங்கிடும். வெங்காயம் 25, 30 டிகிரில தூங்கும், குளிர்கிடங்குல பூஜ்ஜியத்துக்கு பக்கத்துல வெச்சாலும் தூங்கும், நடுவுல 10லருந்து 20 டிகிரிலதான் முழிச்சுக்கிட்டு முளை விடும். அதனால ஓசூர் பக்கம் இருக்கறவங்க தொங்க விட்டதெல்லாம் குளிர் வந்ததும் அடுப்படிக்கு மேல மாத்துங்க, இல்லன்னா ஆயுத பூஜை வரைக்கும்தான்னு கணக்கு வெச்சு சாப்பிட்டு முடிங்க. தர்மபுரி, அரூர் பக்கம் இருக்கறவங்களுக்கு பிரச்சினை எதிர்ப்பக்கம், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கு நேர் கீழ வெச்சா வெந்து சுருங்கும், கருப்பு மாவும் வரும். ஓட்டுவீடு, ஓலைக்கொட்டாய், ரெண்டும் நல்லது.

ஃப்ரிட்ஜ்

முழு வெங்காயத்த உள்ள வெக்காதீங்க, மேல சொன்ன அதே குளிர் பிரச்சினைதான். உரிச்சத மட்டும் வெக்கலாம்.

தரையில குவிக்கறது

பெரம்பலூர் பக்கமெல்லாம் கொல்லையிலயே பட்டறை போடுவாங்க, அடியில கல்லு வெச்சு தூக்கி, பக்கமெல்லாம் காத்து போற மாதிரி அடைச்சு, மேல ஓலை போட்டு. அகலம் கம்மியா நீளமா இருக்கும், நடுவுல இருக்கறதுக்கும் காத்து கெடைக்கணும்ல. வீட்டுக்கு அவ்வளவு வேண்டாம். நாலு ஹாலோபிளாக் மேல மூங்கில் தட்டியோ பழைய கயித்துக்கட்டிலோ போதும், அடியில ஒரு அடி காலியா இருக்கணும், மேல முழங்கால் உசரத்துக்கு மேல குவிக்காதீங்க. நான் இப்ப முந்நூறு கிலோவ இப்படி ரெண்டு கட்டில்லயும் மீதிய மூங்கில்லயும்தான் வெக்கறேன், எடம் பத்துமான்னு அன்னைக்கு அம்மாவ கேட்டிருந்தா அவங்களே சொல்லியிருப்பாங்க.

உருளைக்கிழங்கு

ஒரே கூடைல வேண்டாம், ஒரே மூலைலயும் வேண்டாம்.

தண்டு வந்தது, கழுத்து தடிச்சது

பூத்தண்டு விட்ட வெங்காயத்துக்கு நடுவுல ஓட்டை இருக்கும், அது நிக்காது. காய வெக்கும்போதே தனியா எடுத்து மொத மாசத்துல கொழம்புக்கு போட்டுடுங்க.

விதைய கடைசியில ஒதுக்கறது

சாப்பிட்டு மிஞ்சுனது விதைன்னு வெக்காதீங்க. அழுகாம, தாளு சுருண்டு திருகிக்கற திருகல் நோய் வராம இருந்த பாத்திய நிக்கும்போதே பாத்து வெச்சு, அதுலருந்து நடுத்தர அளவுல எடுத்து, தனியா கட்டி தனி மூங்கில்ல மாட்டணும், பிடுங்குன தேதிய ஒரு அட்டைல எழுதி கட்டிவிடுங்க. பிடுங்குன உடனே நட்டா ஒழுங்கா முளைக்காது, ரெண்டு ரெண்டரை மாசம் ஒறங்கணும், தேதி இருந்தா கணக்கு தப்பாது. பதினஞ்சு நாளைக்கு ஒருதரம் கீழ நின்னு மோந்து பாருங்க, நாத்தம் வந்த பிடிய மட்டும் எறக்குங்க, எல்லாத்தையும் எறக்கி ஏத்தி தோலு உதிர விடவேண்டாம்.

அந்தத் தம்பி நேத்து போன் பண்ணாரு. திண்ணையில பரப்புனதுல இருபது இருபத்தஞ்சு கிலோ போயிருச்சாம், மத்தது கழுத்து இறுகிட்டு வருதாம். ஒட்ட அறுத்ததால அது ரெண்டு மாசத்துக்கு மேல நிக்காதுன்னு சொல்லியிருக்கேன், பாதிய உழவர் சந்தைல வித்துடுங்கன்னேன். விதைக்கு அடுத்த நடவுல என் மூங்கில்லருந்து முப்பது கிலோ தர்றதா பேச்சு.